ஊர் கேட்காத பெட்டி

சண்முகநாதா,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதை எழுதும் முன்பே எழுந்து போய் மலையைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் சாரல் இறங்கவில்லை. காற்று மட்டும் இரண்டு நாளாக அடித்துக்கொண்டிருக்கிறது. மாடியில் காயப்போட்ட விரிப்புகள் கொடியோடு மல்லுக்கட்டுகின்றன, அறைக் கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்கின்றன. என்னாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கவுண்டருக்குப் போகிறேன், அங்கே எனக்கு வேலை இல்லை என்று சமையலறைக்கு வருகிறேன், வந்தது எதற்கென்று மறந்து திரும்பவும் கவுண்டருக்கே போகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட கேள்விதான் இத்தனைக்கும் காரணம். வெள்ளிக்கிழமைக்குள் நீ அந்தப் பெங்களூர் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்று மாலைத் தபாலில் சேர்த்தால்தான் இது அதற்குள் மெட்ராஸில் உன் கைக்கு வரும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கவுண்டரில் இசக்கி அண்ணாச்சி ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் நின்று கேட்க, டிரங்க் காலில் இரைந்து சொல்லுகிற பதிலாக இது எனக்குப் படவில்லை.

நீ கேட்டதை நீ கேட்டபடியே எழுதிப் பார்க்கிறேன். "ம்மா, லாட்ஜுக்கு எது சரின்னு நீ சொல்லு. யூனிக்ஸுதான் வேணும்னா நான் இங்க வேலைய விட்டுட்டு அங்கனயே வந்துருதேன். நம்ம லாட்ஜுல ஒண்ணு ஓடிட்டுன்னா தென்காசில நாலு பேரு வாங்குவாவ, எனக்கு அது போதும். டாஸே போதும்னு நீ சொன்னா, பெங்களூருக்காரனுக்கு வாரேன்னு எழுதிருவேன்." மேலகரத்துக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிற ஒரு சின்ன லாட்ஜில் யூனிக்ஸ், டாஸ் இரண்டில் எந்தக் கம்ப்யூட்டர் வைப்பது என்பது தன்னளவில் பெரிய கேள்வி இல்லை. நீ அதோடு உன்னையும் சேர்த்து முடிந்துவிட்டாய். ஒரு வார்த்தை சொன்னால் நீ வீட்டுக்கு வருகிறாய். இன்னொரு வார்த்தை சொன்னால் போகிறாய். நான் சொல்லப்போவது பெட்டியைப் பற்றி மட்டும்தான் என்று நீ நினைத்துக்கொள்ள வசதியாகக் கேட்டிருக்கிறாய். அப்பாவிடம் கேட்டிருந்தால் அவர் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். ஆனால் அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டார். "உங்கம்மைட்ட கேளு. அவதான் அந்தப் பெட்டியோட குடும்பம் நடத்துதா."

நடத்தத்தான் செய்கிறேன். கணிதம் படித்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவளுக்கு, இந்த வீட்டில் சீசனுக்கு எத்தனை படி அரிசி என்பதைத் தவிர வேறு கணக்கு கிடைத்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை நீ ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தபோது, அப்பா அதை டிவி என்று நினைத்து ஆன்டெனா எங்கே என்று கேட்டார். நான் கேட்டது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று. நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் பிடிக்கும். "ஆபரேட்டிங் சிஸ்டம்னா உள்ள இருக்குற லாட்ஜு மேனேஜரு மாதிரி, ம்மா. கடிதம் அடிக்கிற சாப்ட்வேரு, கணக்குப் போடுற சாப்ட்வேரு எல்லாம் தங்க வார ஆளுவ. யாருக்கு எந்த ரூமு, எதை எங்கன வைக்கணும்னு சொல்லுதது இவன்தான்." டாஸ் என்பவன் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளுக்குப் பதில் சொல்லுகிற மேனேஜர். யூனிக்ஸ் என்பவன் பெரிய ஓட்டல் மேனேஜர், பத்துப் பேர் ஒரே சமயத்தில் கேட்டாலும் பத்துப் பேருக்கும் பதில் சொல்லுவான். அன்று எனக்கு இரண்டு பேரும் யாரென்று புரிந்துவிட்டது. எந்த மேனேஜர் நல்லவன் என்று கேட்பதில் அர்த்தமில்லை, எந்த லாட்ஜுக்கு என்றுதான் கேட்க வேண்டும் என்பதும் அன்றே புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நம் வீட்டில் அதற்கு ஒரு பாடம் கொல்லைப்புறத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

உனக்கு அந்த பாய்லர் நினைவிருக்கும். அது வந்த கதை தெரியுமோ என்னவோ. எழுபதுகளின் நடுவில், லாட்ஜ் தொடங்கிய புதிதில், கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பெரிய பெரிய படங்கள். ஊட்டியில் இன்ன ஓட்டலில் வைத்திருக்கிறார்கள், கொடைக்கானலில் வைத்திருக்கிறார்கள், எல்லா அறைக்கும் குழாயிலேயே வெந்நீர் என்றார். அப்பா மயங்கிவிட்டார். நானும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாத ஒன்று, குற்றாலத்துக்கு வருகிறவன் எதற்கு வருகிறான் என்பது. தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, அருவிக்கு அடியில் போய் நின்று, பல் தந்தியடிக்கக் குளிப்பதற்காகவே அவன் மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் பஸ் ஏறுகிறான். அவனிடம் போய் வெந்நீர் வேண்டுமா என்று கேட்டால் அவமானப்படுத்துவதாக நினைக்கிறான். காய்ச்சல்காரருக்கும் குழந்தைக்கும் வேண்டிய வெந்நீரை அன்றும் இன்றும் அடுப்பில்தான் போடுகிறோம். பாய்லரில் ஒரு குறையும் கிடையாது. அதைக் குறை சொன்னால் பாவம். ஊட்டிக்குப் போயிருந்தால் நன்றாக வாழ்ந்திருக்கும். இங்கே அதன்மேல் ஈரத் துண்டு காய்கிறது. நீ சிறுவனாக இருந்தபோது அதன் மேல் ஏறி உட்கார்ந்து, சூடு காட்டுகிற முள்ளைத் தட்டித் தட்டி ரயில் ஓட்டுவாய். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சத்தமாகச் சொல்லுவாய். உன் ரயில் ஒருநாளும் தென்காசியில் நின்று நான் பார்த்ததில்லை.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. மறுபடியும் எழுந்துபோய் வந்தேன். காற்றில் கவுண்டர் ஜன்னல் திறந்துகொண்டு, மேசைமேல் இருந்ததெல்லாம் பறந்து, இசக்கி அண்ணாச்சி கடிதமெல்லாம் பதிந்திருக்கிற பிளாப்பித் தகட்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். "மத்ததுலாம் போனா எழுதிக்கிடலாம்மா, இது போனா நம்மளத் தூக்கிப் போட்டுருவாவ," என்கிறார். போன சீசனுக்குப் பிறகுதான் அவருக்கு இந்தப் பயம். அப்போது நடந்த சம்பவத்தை நீ போனில் பாதியும், வந்தபோது பாதியும்தான் கேட்டாய். கேட்ட கையோடு டாஸின் குறை என்று முடிவும் சொல்லிவிட்டாய். நான் பார்த்தபடி சொல்லுகிறேன், முழுக்கக் கேள்.

அச்சன்புதூரிலிருந்து சண்முகவேல் என்று ஒருவர். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மதுரை, சீசனுக்குக் குளிக்க வரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இடம் போதாது என்று நம்மிடம் இரண்டு அறை சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன அன்றே இசக்கி அண்ணாச்சி இரண்டு விரலால் தட்டித் தட்டி, அறை உறுதி என்று கடிதம் அடித்துக் கொடுத்து, அவர் பெயரிலேயே அதைப் பெட்டிக்குள் வைத்தும் விட்டார். யார் யாருக்கு அறை என்பதற்கு நமக்கு அந்தக் கடிதங்கள்தான் கணக்கு. ஒரு வாரம் கழித்துக் கோவில்பட்டியிலிருந்து சண்முகசுந்தரம் என்று இன்னொருவர் வந்து சொன்னார். அண்ணாச்சி அவர் பெயரையும் முழுக்கத்தான் தட்டினார். டாஸுக்கு ஒரு பெயரில் எட்டு எழுத்துக்கு மேல் தெரியாது. அதற்கு மேல் தட்டினால் சண்டை போடாமல் மீதியை விட்டுவிடும். சண்முகவேலும் SHANMUGA, சண்முகசுந்தரமும் SHANMUGA. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை அழித்துவிட்டு எழுதட்டுமா, Y-யா N-ஆ என்று பெட்டி கேட்டிருக்கிறது. அண்ணாச்சி Y அமுக்கினார். பிறகு நான் ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது, "அது ஏதோ கேக்குதும்மா. கவுண்டர்ல உக்காந்துக்கிட்டு இல்லைன்னு சொல்லலாமா?" லாட்ஜ் தொடங்கிய நாளிலிருந்து கவுண்டரில் இருக்கிறவர். யார் வந்து எது கேட்டாலும் உண்டு, பார்க்கலாம், வாருங்க என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய். விரலுக்கு மட்டும் வேறு பழக்கம் எங்கிருந்து வரும்?

சண்முகவேல் சம்பந்தி வீட்டாரோடு வந்து இறங்கியபோது, பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. ஊரில் ஓர் அறை கிடையாது. எண்ணெய்ப் பாட்டிலும் பெட்டியுமாக வாசலில் ஆறேழு பேர். இவர் மட்டும் உள்ளே வந்தார்.

"எம் பேரு இல்லைங்கீரா?"

"பெட்டில வரல அண்ணாச்சி. சண்முகம்னு ஒருத்தரு உண்டு. அவரு வந்து துண்ட விரிச்சாச்சு."

"அவரு சண்முகம்னா நான் யாரு ஓய்? இதே எடத்துல நின்னு பேரு சொல்லுதேன், நீரு டக்கு டக்குன்னு தட்டுதீரு. தட்டுனதெல்லாம் எங்க போச்சு?"

"உள்ளதான் போச்சு."

"உள்ள போனது வெளிய வரணும்லா?"

அண்ணாச்சி திரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். நான் பிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். அந்த மனிதர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி என்னிடம் சொன்னார். "யம்மா, அவ்வோ முன்னால நான் இன்னைக்கு ஒரு நேரம் தலையக் குனிஞ்சிருவேன், அது பெரிசில்ல. எம் மவ அந்த வீட்டுல காலம் பூரா குனியணும்." அதற்கப்புறம் நான் பிளாப்பியைத் தேடவில்லை. நாங்கள் படுக்கிற மாடி அறையையும் உன் அறையையும் காலி செய்து அவர்களுக்குக் கொடுத்தோம். அப்பாவும் நானும் பாய்லருக்குப் பக்கத்துச் சாமான் அறைக்குப் போனோம். இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இனிமேல்தான். கீழே சண்முகம் சண்முகம் என்று சத்தம் கேட்டு, தன்னைத்தான் கூப்பிடுகிறார்களாக்கும் என்று, தலையில் எண்ணெய் வழிய அந்த இன்னொருவர் இறங்கி வந்தார். "யாரு கூப்பிட்டது? நான் கோவில்பட்டி சண்முகசுந்தரம்." இவர் திரும்பி, "நான் அச்சன்புதூர் சண்முகவேல்," என்றார். இரண்டு பேரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சண்முகவேல் அண்ணாச்சியிடம், "பாத்தீரா ஓய், எங்க ரெண்டு பேருக்கும் ஒரு குழப்பமும் இல்ல. உம்ம டப்பாவுக்குத்தான் குழப்பம்," என்றார். அப்பா சும்மா இருக்காமல், "மூணாவது சண்முகம் ஒருத்தன் உண்டு அண்ணாச்சி, எம் மவன். இந்த டப்பாவத் தந்தவன் அவந்தான், மெட்ராஸ்ல இருக்கான்," என்றார். அந்த இக்கட்டிலும் எல்லோரும் சிரித்தார்கள். உன் பெயரும் அதற்குள்தான் இருந்தது. எனக்குக் கற்றுக் கொடுப்பதற்காக நீ முதன்முதலில் அடித்த மாதிரிக் கடிதம், சீசன் முழுவதும் மாடிக் கோடி அறை சண்முகநாதனுக்கு என்று. அதுவும் SHANMUGA. வேல் வந்து உன்மேல் எழுதினார், சுந்தரம் வந்து வேல்மேல் எழுதினார்.

நீ வந்து கேட்டதும் சொன்னாய், யூனிக்ஸில் இந்தத் தொல்லையே கிடையாது, அதில் பதினான்கு எழுத்து வைக்கலாம், கவுண்டரில் ஒரு திரை, மாடியில் ஒரு திரை, சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு திரை, எங்கே யார் தட்டினாலும் எல்லா இடத்திலும் தெரியும் என்று. உன் முகத்தில் அப்போது இருந்த ஒளியைப் பார்த்துக்கொண்டே நான் விரல்விட்டு எண்ணினேன். SHANMUGASUNDARAM உன் பதினான்கிலும் நிற்காது, கடைசி இரண்டு எழுத்து வெளியே கிடக்கும். இன்னொரு பெயரையும் எண்ணினேன். SHANMUGANATHAN. சரியாகப் பதினான்கு. அதில் ஓர் எழுத்தும் கூடாமல் குறையாமல், அளவெடுத்தது மாதிரி நிற்கிற சண்முகம் நீ ஒருவன்தான். அன்று நான் இதை உன்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அப்படியானால் அந்த யூனிக்ஸ் நமக்கு நல்லதுதானே என்றேன். பொங்கலுக்கு நீ வந்தபோதும் நானாக அந்தப் பேச்சை எடுத்தேன். லாட்ஜுக்கு என்ன வேண்டும் என்று யோசித்து எடுத்த பேச்சு அல்ல அது. நீ பேசப் பேச, மூன்று திரைகளையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இங்கேயே இருந்தாக வேண்டுமே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பெயர்த் தொல்லை அதற்குள் தீர்ந்துவிட்டது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு சண்முகங்கள் தீர்த்து வைத்ததுதான். நம் பக்கத்தில் யாரும் வெறும் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பதில்லை, ஊரைச் சொல்லித்தான் பெயரைச் சொல்லுகிறார்கள். நாம்தான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஊரை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தட்டினோம், ஏதோ இங்கிலீஷ் படிவம் நிரப்புவது மாதிரி. இப்போது முதல் மூன்று எழுத்து ஊருக்கு. மிச்சம் இருப்பதில் பெயரின் வால். தலைப்பக்கம் எல்லாச் சண்முகத்துக்கும் ஒன்றுதானே, வாலில்தான் ஆள் இருக்கிறார். அச்சன்புதூர்க்காரர் ACHVEL ஆகிவிட்டார். ஊரும் வாலும் ஒன்றாகவே வந்துவிட்டால் என்ன செய்வது என்று அண்ணாச்சி கேட்டார், அப்போது தெருவைக் கேளுங்கள் என்றேன். அதோடு, பெட்டி கேள்வி கேட்டால் முதலில் N, பிறகு என்னைக் கூப்பிடுவது என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதித் திரையில் ஒட்டியிருக்கிறேன். அந்த சீசன் முடிகிற வரைக்கும் யாருடைய அறையும் தொலையவில்லை. சாப்ட்வேரை நாங்கள் தொடவே இல்லை. கேட்கிற கேள்வியைத்தான் மாற்றினோம்.

மெட்ராஸுக்கு உன்னைப் பார்க்க வந்தபோது, உன் ஆபீசில் அந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டரைக் காட்டினாயே, அதுவும் என் மனசிலிருந்து போகவில்லை. நாங்கள் நிற்கும்போதே கரண்ட் போய் வந்தது. நீ நாக்கைக் கடித்துக்கொண்டாய். சொல்லிவிட்டு அணைக்க வேண்டியவனைச் சொல்லாமல் அணைத்துவிட்டோம் என்றாய். கரண்ட் வந்ததும் அது தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, கேள்விமேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தது. இது யாருடையது என்று தெரியவில்லை, அழிக்கட்டுமா. இது அறுந்து கிடக்கிறது, சேர்க்கட்டுமா. நீ எல்லாவற்றுக்கும் Y அமுக்கிக்கொண்டே போனாய். என்ன கேட்கிறது என்று நான் கேட்டதற்கு, அதெல்லாம் பார்த்தால் ஆகாது ம்மா, Y-தான் கொடுக்கணும் என்றாய். எனக்கு இசக்கி அண்ணாச்சியின் விரல் ஞாபகம் வந்தது. இங்கே ஆனி ஆடியில் காற்றடித்தால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போகும் என்று நீ பிறந்து வளர்ந்து பார்த்தவன். என் டாஸ் எந்த நொடியில் செத்தாலும், பிளாப்பியைப் போட்டு எழுப்பினால் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. அப்போது அடித்துக்கொண்டிருந்த கடிதம் போகும், அவ்வளவுதான். சாரலில் பிளாப்பிகள் பூசணம் பூக்கின்றன, அதற்கு, ஈரம் ஏறாமல் அரிசிப் பானைக்குள் வைக்கிற டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். எந்தச் சாப்ட்வேரையும் வாங்கும் முன் அது என்னென்ன செய்யும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நீ அது நின்றுபோனால் யார் வந்து எழுப்புவார் என்று முதலில் கேள். அந்த ஆள் கவுண்டரில் இருக்கிறவராகவே இருந்தால் வாங்கு. யூனிக்ஸுக்கு இங்கே அப்படி ஓர் ஆள் நீ மட்டும்தான்.

அதைத்தான் செங்கோட்டை மரக்கடை முதலாளியும் சொன்னார். நீ நாலு பேர் வாங்குவார்கள் என்றாயே, அந்த நாலில் முதல் ஆள். திங்கட்கிழமை இருப்புக்கொள்ளாமல் பஸ் ஏறிப் போய் அவரையே கேட்டுவிட்டேன். "தம்பி கொண்டாந்து வைக்கட்டும், வாங்குதேன். ஆனா நான் கூப்ட நேரம் அவன் வந்து நிக்கணும். ராத்திரின்னாலும் வரணும். அவன் இல்லைன்னா அந்தச் சாமானை வச்சு நான் என்ன செய்ய, மரத்தோட மரமா அடுக்கவா?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நீ விற்கப்போவது யூனிக்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் வாங்க நினைப்பது உன்னை. நாலு கடையும் ஒரு லாட்ஜும் மாற்றி மாற்றிக் கூப்பிட, நீ செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் சைக்கிளில் அலைந்து, எல்லாப் பெட்டிகளுக்கும் Y அமுக்கிக்கொண்டிருப்பதை பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்ததில் இறங்கும்போது கையெல்லாம் துரு.

நேற்றுச் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன், எனக்கு டாஸே போதும் என்று தோன்றுகிறது என்று. அவர் கையை உதறிவிட்டு என்னையே பார்த்தார். "ஒனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? பய வாரேங்கான். பெட்டி என்னமும் ஆவட்டும். பாய்லருந்தான் கெடக்கு, அதனால லாட்ஜு முங்கியா போச்சு?"

"பாய்லரு வேலையில்லாம கெடந்தா அதுக்குத் தெரியாது," என்றேன். "அவனுக்குத் தெரியும்லா?"

அவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டைக் கொண்டுபோய் பாய்லர்மேல் விரித்துவிட்டு வந்து, "சரி, நீயே எழுது. நான் சொன்னேன்னு போடாத," என்றார். போட்டுவிட்டேன். அவர் உன்னை வர வேண்டாம் என்று சொன்னதாக நீ ஒருநாளும் நினைத்துவிடக் கூடாது.

ஆக, சொல்லிவிடுகிறேன். நம் லாட்ஜுக்கு டாஸே போதும், சண்முகநாதா. பதினாறு அறை, ஒரு கவுண்டர், ஒரு நேரத்தில் ஒரு விரல் தட்டுகிற அண்ணாச்சி. மாடித் திரையில் தெரிகிறதைவிடச் சீக்கிரமாக மாடியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். உன் யூனிக்ஸ் மட்டம் என்றோ மோசம் என்றோ நான் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் அது வேண்டியிருக்கும், அங்கே அதற்கு ஆள் இருக்கும், கரண்ட் இருக்கும், ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்கிற கேள்வியும் இருக்கும். நீ அதைப் பற்றிப் பேசும்போது உன் கை காற்றில் படம் போடுகிறது. டாஸைப் பற்றிப் பேசும்போது சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. இதை நான் இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். பெங்களூருக்கு வருகிறேன் என்று எழுதிவிடு. நீ வீட்டுக்கு வர ஆசைப்படுவது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வர ஒரு காரணம் வேண்டும் என்று நினைத்து, ஒரு கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தாய். நானும் அதே கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து இழுத்தேன். வீட்டுக்கு வருவதற்கு இவ்வளவு பெரிய பெட்டி வேண்டியதில்லை. பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. அங்கே போனபின் யாருக்காவது சாப்ட்வேர் எழுதும்போது, அவர்கள் தங்கள் பெயரை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று அவர்கள் ஊருக்கே போய் நின்று ஒருநாள் கேட்டுவிட்டு எழுது. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் படிப்பு அவ்வளவுதான்.

அண்ணாச்சி தபாலுக்குக் கிளம்பத் தயாராகி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். இப்போதுதான் முதல் தூறல் விழுகிறது, கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். நடுவில் போய் ஒரு வேலை செய்துவிட்டு வந்தேன். போன சீசனில் உன் மாதிரிக் கடிதம் அழிந்தபின் நான் அதைத் திரும்ப அடித்து வைத்திருந்தேன், மாடிக் கோடி அறை, சீசன் முழுவதும். எல்லோருக்கும் ஊர் போட்டபோது உனக்கு மட்டும் போடவில்லை. NATHAN என்று சும்மா இருந்தது. வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஊர்? ஆனால் ஊர் போட்டவர்கள் அறைதான் இங்கே தொலையாமல் இருக்கிறது. அதனால் பெயர் மாற்றுகிற கட்டளையைக் கொடுத்து, உன் பெயருக்கு முன்னால் பெங்களூருக்கு மூன்று எழுத்தைத் தட்டினேன். எதற்கெடுத்தாலும் Y-யா N-ஆ என்று கேட்கிற பெட்டி, பெயர் மாற்றும்போது மட்டும் எதுவும் கேட்பதில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்பதாவது எழுத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, BANNATHA என்று வைத்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. அறை இருக்கிறது, என்று வேண்டுமானாலும் வா. ஆனாலும் அது ஒரு தடவை கேட்டிருக்கலாம். நான் Y-தான் அமுக்கியிருப்பேன். கேட்டிருக்கலாம்.

அம்மா